எந்த வாத்தியாருக்குத் தட்டுவது?

எங்கள் சபாவின் ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று நித்யா கேட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அரங்கில் ஒலி அமைப்பைப் பார்த்துக்கொள்பவள் அவள். எனக்கு அரங்கின் ஓரத்தில் ஒரு மேசையும் நாற்காலியும் இருந்தன. அவளுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. கையில் ஒரு டேப்லெட்டை வைத்துக்கொண்டு, அரங்கம் முழுக்க நடந்தபடியே மிருதங்கத்தை ஏற்றுகிறாள், வயலினை இறக்குகிறாள். "இத்தனை வருசம் எப்படிப் பண்ணீங்கன்னு எழுதுங்கக்கா. எங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றாள்.

எழுதலாம் என்று உட்கார்ந்தால், தொழில் ஞாபகத்துக்கு வருவதற்கு முன்னால் என் மகள் தாரணியின் காதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. போன வருடம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள், "அம்மா, இந்தப் பக்கம் அடைச்ச மாதிரி இருக்குது" என்றாள். குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும் என்று நினைத்தோம். நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது என்றார் மருத்துவர். மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. வலது காதில் கேட்கும் சக்தி திரும்பவில்லை. பிளஸ் டூ படிக்கிற பெண். ஊருக்கெல்லாம் பாட்டு சரியாகக் கேட்கிறதா என்று பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கியவள் நான். என் வீட்டில் இப்படி ஆனது. அந்த நடுக்கம் எனக்கு இன்னும் முழுதாக விடவில்லை.

ஆனாலும் நான் எழுதப் போவது துக்கக் கதை இல்லை. தாரணி வள்ளி கும்மி அரங்கேற்றத்தில் ஆடலாமா கூடாதா என்று ஒரு கேள்வி வந்தது. அந்த அரங்கேற்றத்துக்கு ஒலி அமைத்ததுதான் ஓய்வுக்கு முன் நான் செய்த கடைசிப் பெரிய வேலை. அதைச் சொல்வதற்கு முன், நித்யா கேட்டதற்காகத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம்.

பெண்கள் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தேன். உடன் படித்தவர்கள் டி.வி. கம்பெனிக்கும் மில் அலுவலகத்துக்கும் போனார்கள். சபாவில் புதிதாக ஒலிச் சாதனங்கள் வாங்கியிருக்கிறார்கள், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு நான் அங்கே போனேன். செயலாளர் வேலுச்சாமி ஐயா என்னை மேலும் கீழும் பார்க்கவில்லை. சான்றிதழையும் வாங்கிப் பார்க்கவில்லை. "பாட்டுக் கேப்பீங்களா அம்மணி?" என்றார். "ரேடியோவுல கேப்பேனுங்க" என்றேன். "அது போதுமுங்க. நாளைக்கு வாங்க" என்றார். கர்நாடக சங்கீதத்தில் அப்போது எனக்கு ஒரு ராகத்தின் பெயர்கூடத் தெரியாது. முதல் இரண்டு வருடம் ஒயர் சுற்றினேன், ஈயம் வைத்துப் பற்றவைத்தேன், மைக் தூக்கினேன். மைக் ஊளையிடும்போதெல்லாம் அழுகை வரும். அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம்.

வேலுச்சாமி ஐயா நூல் மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவர். மில்லில் இருந்தபோது, நூற்பு இயந்திரம் ஓடும் சத்தத்தைக் கேட்டே எங்கே இழை அறுகிறது என்று சொல்லிவிடுவாராம். ஒரு கச்சேரியிலும் அவர் முன்வரிசையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கடைசி வரிசையில், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மூலையில் உட்கார்ந்திருப்பார். என்னிடம் ஒரு நாளும் "தப்பு" என்று சொன்னதில்லை. பாட்டு பின்னால் வரை போய்ச் சேராவிட்டால், இடைவேளையில் மெதுவாக வந்து, "ஏனுங்கம்மணி, கடைசியில ரெண்டு பேரு தூங்கறாங்க. போய் என்னன்னு கேட்டுப்போட்டு வாங்க" என்பார். நான் போவேன். அங்கே யாரும் தூங்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த இடத்தில் நின்றவுடன் எனக்கே தெரிந்துவிடும், பாடகர் வாயை மூடிக்கொண்டு பாடுவது போலக் கேட்கும். எல்லாம் நன்றாக அமைந்த நாளில், "இன்னைக்கு ஒருத்தரும் தூங்கலீங்க" என்பார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

அவரிடமிருந்து எனக்கு வந்த முறை இது. நித்யா, இதை மட்டும் மாற்றாதே. கச்சேரிக்கு முன் முதலில் தம்புரா. வேறு எல்லா மைக்கையும் அணைத்துவிட்டுத் தம்புராவை மட்டும் வைத்துக்கொண்டு அரங்கம் முழுக்க நடக்க வேண்டும். சுவரோரம், தூணுக்குப் பின்னால், மாடிக்குக் கீழே எல்லா இடமும். தம்புரா எங்கே தெளிவாக இருக்கிறதோ அங்கே எல்லாம் தெளிவாக இருக்கும். அடுத்து பாடகர். சோதனைக்காகப் பாடச் சொல்லக் கூடாது. பாடச் சொன்னால் மைக்குக்காகப் பாடுவார்கள். மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க வேண்டும். ரசத்தைப் பற்றிப் பேசும்போது வருவதுதான் அவருடைய சொந்தக் குரல். அதை வைத்துச் சரிசெய்துகொண்டால் போதும்.

மேடையில் கலைஞர்கள் தங்கள் சத்தத்தைத் தாங்களே கேட்டுக்கொள்ள எதிரே ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெளியூரிலிருந்து வந்த ஒரு பாடகர் வர்ணம் முடிவதற்குள் பல முறை என்னைப் பார்த்து விரலை மேலே தூக்கினார். அந்த ஸ்பீக்கரில் இன்னும் கொஞ்சம் ஏற்று என்று அர்த்தம். ஏற்றினேன். மறுபடி விரல். மறுபடி ஏற்றினேன். மைக் ஊளையிட்டது, அரங்கமே திரும்பி என்னைப் பார்த்தது. வேலுச்சாமி ஐயா என் பக்கத்தில் வந்து நின்றார். "அவரு சத்தத்தக் கேக்கலீங்கம்மணி. நீங்க இருக்கீங்களான்னு கேக்கறாரு. குமிழைத் தொட்டுட்டுத் தலையாட்டுங்க" என்றார். அடுத்த விரலுக்குக் குமிழைத் தொட்டேன், திருப்பவில்லை. நிமிர்ந்து தலையாட்டினேன். பாடகர் கண்ணை மூடிக்கொண்டு ஆலாபனைக்குள் போய்விட்டார்.

அதன் பிறகு எத்தனையோ பேரிடம் அப்படித் தொட்டுவிட்டுத் தலையாட்டியிருக்கிறேன். மிருதங்க வித்வான் ஒருவர் மட்டும் கண்டுபிடித்துவிட்டார். கச்சேரி முடிந்து காபி குடிக்கும்போது, "ஏம்மா, அந்தக் குமிழைத் திருப்பினியா, இல்ல சும்மா தொட்டியா?" என்று கேட்டார். "தொட்டேனுங்க" என்றேன். காபி சிந்தும் அளவுக்குச் சிரித்தார். "இனிமேலும் சும்மாவே தொடு. ரொம்ப நன்னா கேட்டது" என்றார்.

இப்படிச் சந்தோஷமாகத்தான் போனது என் வேலைக்காலம். பிறகு தாரணிக்குக் காது போனது. பாட்டு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவள் அதை நிறுத்தினாள். சுருதி ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்றாள். நான் அவளைச் சோதித்துக்கொண்டே இருந்தேன். வலது பக்கம் நின்று மெதுவாகக் கூப்பிடுவேன். சமையலறையில் வேண்டுமென்றே கரண்டியைக் கீழே போடுவேன், திரும்பிப் பார்க்கிறாளா என்று. ஒரு நாள் அவள் திரும்பாமலே சொன்னாள்: "அம்மா, மைக் செக்கிங் முடிஞ்சுதா? ஒன், டூ, த்ரீ சொல்லட்டுமா?" அவள் அப்பா சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

அவளை வள்ளி கும்மிக்கு இழுத்துப் போனவள் எதிர்வீட்டுக் கௌசல்யா. எங்கள் பக்கத்தில் இப்போது எந்த ஊருக்குப் போனாலும் சாயங்காலம் ஒரு மைதானத்தில் கும்மிப் பயிற்சி நடக்கிறது. கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிற பெண்கள், பனியன் கம்பெனியிலிருந்து நேராக வருகிறவர்கள், கல்லூரிப் பையன்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள் என்று எல்லாரும் வட்டமாக நிற்பார்கள். வாத்தியார் நடுவில் நின்று வள்ளி முருகன் கதையைப் பாடுவார். பாட்டுக்கு அடியெடுத்து வைத்து, குனிந்து நிமிர்ந்து, எல்லாரும் ஒன்றாகக் கை தட்ட வேண்டும். போத்தனூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் குப்புராஜ் வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். அவருக்குப் பகலில் ஒர்க் ஷாப் வேலை, சாயங்காலம் கும்மி. தாரணி முதல் நாள் போய்விட்டு வந்து, வேர்த்த முகத்தோடு ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே குடித்தாள். "நாளைக்கும் போறேன்" என்றாள். காது போனதிலிருந்து அவள் நாளை என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

குப்புராஜ் வாத்தியாரின் குழு அரங்கேற்றத்துக்குத் தயாரானபோது, எங்கள் சபாவும் சேர்ந்து அதை ஒரு விழாவாக நடத்துவது என்று முடிவானது. கல்லூரி ஒன்றின் பெரிய மைதானம். நூற்றுக்கணக்கானவர்கள், ஒன்றுக்குள் ஒன்றாகப் பல வட்டங்கள். ஒலி அமைப்பு என் பொறுப்பு. நித்யா உதவிக்கு.

முதல் நாள் சாயங்காலம் ஒத்திகை. திறந்த வெளி நிகழ்ச்சிக்கு எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மைதானத்தின் நான்கு மூலையிலும் ஸ்பீக்கர்களை உள்நோக்கி வைத்தேன். விருந்தினர் மேடைக்கு இரண்டு தனியாக. வாத்தியார் நடுவில் நின்று பாடினார். குரல் கணீரென்று நாலாபுறமும் கேட்டது. எனக்குத் திருப்தி. அப்புறம் கும்மி ஆரம்பித்தது. முதல் தட்டே சிதறியது. மேற்குப் பக்கம் தட்டி முடித்த பிறகு கிழக்குப் பக்கம் தட்டியது. வாத்தியார் நிறுத்தி மறுபடி ஆரம்பித்தார். மறுபடி சிதறியது.

"ஏனுங்க புள்ளைங்களா, கும்மி அடிக்கறீங்களா, சோளம் பொரிக்கறீங்களா?" என்றார் மைக்கிலேயே. எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த முறையும் சோளம்தான் பொரிந்தது. சிரிப்பு குறைந்தது. யாரால் தப்புகிறது என்று ஒருவரையொருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். இரண்டாம் வட்டத்திலிருந்து ஒரு பெண், "தாரணிக்கு ஒரு பக்கம் கேக்காதுங்க வாத்தியாரே. அவளப் பாத்து எங்களுக்கும் தப்பிப் போயிருதுங்க" என்று சொன்னது மைக் இல்லாமலே எனக்குக் கேட்டது.

வாத்தியார் என்னிடம் வந்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே தயங்கி நின்றார். "அம்மணி, தப்பா நெனைச்சுக்காதீங்க. நாளைக்கு ஊரே வருதுங்க. பாப்பாவ மொளப்பாரி எடுத்துட்டு முன்னாடி வரச் சொல்லலாமுங்களா? போட்டோவுலயும் நல்லா உளுகுமுங்க."

"கேட்டுச் சொல்றேனுங்க" என்றேன். உள்ளே எனக்கு ஒரு பக்கம் நிம்மதியாகவே இருந்தது. அத்தனை பேர் முன்னால் அவள் தப்பாகத் தட்டி, எல்லாரும் அவளைப் பார்த்து, அவள் மறுபடி வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வாளோ என்ற பயம் எனக்குப் பல நாளாக இருந்தது. முளைப்பாரியில் தப்புவதற்கு ஒன்றும் இல்லை.

தாரணி ஒரு காலி ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கௌசல்யா. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"நான் தப்பாத் தட்டலம்மா."

"சரி கண்ணு."

"சரி கண்ணுன்னு சொல்லாத. நம்பறயா இல்லையா, அதச் சொல்லு."

நான் பெட்டியின் மேல் கிடந்த ஒயரைச் சுற்ற ஆரம்பித்தேன். அவள் மைதானத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஸ்கூல் கிரவுண்டுல ஒரு வாத்தியார்தான் பாடுவாரு. இங்க நாலு வாத்தியார் பாடறாங்க. ஒருத்தரு பாடி முடிக்கறதுக்குள்ள இன்னொருத்தரு ஆரம்பிக்கறாரு. எந்த வாத்தியாருக்குத் தட்டறது?"

"எனக்கு ஒரு வாத்தியார்தான் கேக்குதுடி" என்றாள் கௌசல்யா.

"உனக்கு ரெண்டு காது இருக்குது. சமாளிச்சுக்கற."

நித்யாவைக் கூப்பிட்டு, வாத்தியாரின் மைக்கில் ஒரே சீராகக் கை தட்டச் சொன்னேன். வேறு எதுவும் வேண்டாம், தட்டு மட்டும். வலது காதை உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டு, தாரணி நிற்கும் வட்டத்தின் மேலேயே நடந்தேன்.

நாலு வாத்தியார்கள் தட்டினார்கள். பக்கத்து மூலை ஸ்பீக்கரிலிருந்து முதல் தட்டு. அதற்கு இரண்டு பக்கத்து மூலைகளிலிருந்தும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்று. எதிர் மூலையிலிருந்து தெளிவாக, தனியாக, தாமதமாக ஒன்று. கையை எடுத்தேன். இரண்டு காதாலும் கேட்டபோது அருகில் இருப்பது முன்னால் வந்து நின்று மற்றதை மறைத்துக்கொண்டது. மறுபடி மூடினேன். மறுபடி நாலு பேர்.

விஷயம் எளிது. தூரத்தில் ஒருவர் கல்லில் துணி துவைத்தால் ஓங்கிய கை இறங்குவது முதலில் தெரியும், சத்தம் பிறகு வரும். சத்தம் அவ்வளவு மெதுவாகத்தான் நடந்து வருகிறது. அரங்கத்துக்குள் தூரம் குறைவு. மாடிக்கு வைத்த ஸ்பீக்கரை மட்டும் கொஞ்சம் தாமதப்படுத்திவிட்டால் சரியாகிவிடும், அதை நானே பலமுறை செய்திருக்கிறேன். இந்த மைதானத்தில் வட்டத்தில் நிற்கும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மூலைக்கு ஒவ்வொரு தூரத்தில் இருந்தார்கள். எந்தத் தாமதமும் எல்லாருக்கும் பொருந்தாது. மேற்கில் இருப்பவர் மேற்கு வாத்தியாருக்குத் தட்டினார், கிழக்கில் இருப்பவர் கிழக்கு வாத்தியாருக்கு. ஒருவரும் தப்பாகத் தட்டவில்லை. ஒரு காது மட்டும் இருந்தவளுக்கு அது எல்லாரையும்விடத் தெளிவாகக் கேட்டிருக்கிறது.

வட்டத்தில் எல்லாருக்கும் சமமான தூரத்தில் இருப்பது நடு ஒன்றுதான். ஸ்பீக்கர் எல்லாவற்றையும் நடுவில் வைத்து வெளிநோக்கித் திருப்ப வேண்டும். ஒரு டிராக்டர் டிரெய்லரை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் ஸ்பீக்கர், மேலே வாத்தியாரும் மேளக்காரர்களும். மைக் ஸ்பீக்கருக்குப் பின்னால் இருப்பதால் ஊளையிடாது. இதைச் சொன்னதும் விழாக் கமிட்டித் தலைவருக்கு முகம் வாடியது.

"ஏனுங்கம்மா, நடுவுல குத்துவிளக்கு வெக்கோணும். ட்ரோன் கேமரா வேற சொல்லியாச்சு. மேல இருந்து எடுத்தா பூ மாதிரி தெரியோணும்னு சொல்லிப்போட்டு, பூவுக்கு நடுவுல டிராக்டர நிறுத்தினா எப்புடீங்க?"

"விளக்க டிரெய்லர் மேல வெச்சுக்கலாமுங்க."

"மேடைக்கு என்ன கேக்கும்? விஐபி எல்லாம் அங்கதான உக்காருவாங்க."

ஒத்திகை பார்க்க வந்து ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த வேலுச்சாமி ஐயா கைத்தடியை ஊன்றி எழுந்தார். இப்போது அவருக்கு வயதாகிவிட்டது, பதவியிலும் இல்லை. "மேடையில உக்கார்றவங்க ஆடப் போறதில்லீங்களே. எங்களுக்குக் கொஞ்சம் கொறைவாக் கேட்டாலும் ஒண்ணும் ஆவாதுங்க. ஆடற புள்ளைங்களுக்குக் கேக்கட்டும்" என்றார். தலைவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, டிரெய்லரைச் சுற்றி வாழைமரம் கட்டினால் மேலே இருந்து பார்க்கப் பச்சையாகத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்று நானும் நித்யாவும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

குப்புராஜ் வாத்தியாரிடம் போனேன். "தாரணி வட்டத்துலயே ஆடட்டுமுங்க" என்றேன். "முளைப்பாரிக்கு வேற ஆளப் பாத்துக்கங்க." அவர் ஸ்பீக்கர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாளைக்கு மறுபடியும் சோளம் பொரிஞ்சா?" என்றார். "பொரிஞ்சா நான் ஏத்துக்கறேனுங்க" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்று படுத்தும் தூக்கம் வரவில்லை. வட்டம் ஒரு திசையில் நகரும்போது தாரணியின் இடது காது, நல்ல காது, நடுவைப் பார்த்திருக்கும். பாட்டின் பாதியில் வாத்தியார் வட்டத்தை எதிர்த்திசையில் திருப்புவார். அப்போது கேட்காத காதுதான் நடுவைப் பார்த்திருக்கும். காலையில் அவளுக்குத் தலை பின்னிவிடும்போது, "திருப்பறப்ப என்ன பண்ணுவ?" என்று கேட்டேன்.

"கௌசல்யாவோட முதுகைப் பாத்துக்குவேன். நீ பயப்படாம இரு, அது போதும்."

அடுத்த நாள் வெயில் தாழ்ந்ததும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். உக்கடம் பஸ் ஸ்டாண்டிலிருந்து தனியாகப் பஸ் விட்டது போலக் கூட்டம். நிலக்கடலையும் சோளக்கதிரும் விற்பவர்கள் மைதானத்தின் வாசலிலேயே கடை போட்டுவிட்டார்கள். ஆடும் பெண்கள் எல்லாரும் ஒரே அரக்கு நிறச் சேலை, ஆண்கள் அதே நிறத்தில் சட்டை. சிறப்பு விருந்தினரின் பேச்சு மேடையைத் தாண்டிச் சரியாகக் கேட்கவில்லை. அதற்காக ஒருவரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. வாத்தியார் டிரெய்லர் மேல் ஏறி, இரண்டு எட்டு வைத்துப் பார்த்து, "அம்மணி, என்னையக் கன்னுக்குட்டி மாதிரிக் கட்டிப்போட்டுட்டீங்களே" என்றார். மைதானமே சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே முதல் அடியை எடுத்துக் கொடுத்தார்.

முதல் தட்டு விழுந்தது. ஒரே தட்டு. அத்தனை கைகளும் சேர்ந்து ஒரு கதவை அறைந்து சாத்தியது போல இருந்தது. நித்யா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வாத்தியாருக்கே அடுத்த வரி ஒரு நொடி தாமதமாகத்தான் வந்தது. பிறகு அவர் வேகம் எடுத்தார். வட்டங்கள் நகர ஆரம்பித்தன. கூட்டத்தில் இருந்தவர்கள் பாயை விட்டு எழுந்து நின்றார்கள்.

இரண்டாம் வட்டத்தில் தாரணியை நான் கண்ணால் பிடித்து வைத்திருந்தேன். கௌசல்யாவுக்கு முன்னால், மல்லிகைச் சரம் தோளில் விழ. இடது காது நடுவைப் பார்த்திருந்தது. அவள் கை சரியாக விழுந்தது. அடுத்ததும். அதற்கடுத்ததும். என் விரல் தானாகக் குமிழின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. வாத்தியார் குரலை உயர்த்தி வட்டத்தைத் திருப்பினார்.

அத்தனை பேரும் ஒன்றாகச் சுழன்று எதிர்த்திசையில் அடியெடுத்தார்கள். புழுதி கிளம்பியது. சேலைகள் ஒன்றோடொன்று கலந்தன. அவள் என் கண்ணிலிருந்து தவறிவிட்டாள். தேடினேன். முகத்தை வைத்து அந்தத் தூரத்தில் தேட முடியவில்லை. அதனால் பிந்தி விழும் கையைத் தேடினேன். எந்தக் கை பிந்துகிறதோ அது அவளுடையதாக இருக்கும். இரண்டாம் வட்டம் முழுக்க ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு போனேன். குனிந்தன, நிமிர்ந்தன, விழுந்தன. ஒரு சுற்று முடிந்தது. மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். ஒரு கைகூடப் பிந்தவில்லை.

"அக்கா, இதுல தாரணி எதுங்கக்கா?" என்று நித்யா என் காதருகே கத்தினாள்.

"தெரியல நித்யா" என்றேன். அந்தக் கும்மி முடியும்வரை என் மகள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவே இல்லை.